கதவுக்குக் கீழால் வந்த கப்பல் காசு

என்னிடம் ஒரு காசு இருக்கிறது, பிள்ளைகளே. அதை எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் ஒரு இனிப்புக்கூட வாங்க முடியாது. ஒரு பக்கத்தில் பாய் விரித்த ஒரு கப்பல். மற்றப் பக்கத்தில் ஒரு கேடயமும் இரண்டரை என்ற கணக்கும். எஸ்கூடோ என்று அதற்குப் பெயர். போர்த்துக்கல் நாட்டில் முந்தி ஓடிய காசு. யூரோ வந்தவுடன் அந்தக் காசை நிறுத்திவிட்டார்கள். போர்த்துக்கலிலேயே செல்லாத காசு, இங்கே சுவிஸில் எப்படிச் செல்லும்?

ஆனால் எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, இந்தக் காசுக்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அது எனக்குக் கடையால் வரவில்லை, கையால் வரவில்லை. ஒரு கதவுக்குக் கீழால் வந்தது.

அப்போது நாங்கள் எங்கடின் பள்ளத்தாக்கில் இருந்தோம். பள்ளத்தாக்கு என்று பெயர்தான், நாலு பக்கமும் மலை. ஒரு பெரிய ஹோட்டலுக்குப் பின்னால் வேலைக்காரர் தங்கும் மூன்று மாடி வீடு. மூன்றாம் மாடியில் எங்களுக்கு இரண்டு அறை. அப்பா ஹோட்டல் குசினியில் உதவியாள். அம்மாவுக்கு உடுப்புத் தோய்க்கிற பகுதியில் வேலை. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, கோப்பை கழுவுகிறவர். அவருக்கு எங்களுக்கு எதிர் அறை. எனக்கு ஐந்து வயதில் ஒரு தங்கச்சி. எங்களுக்கு அகதி விண்ணப்பத்தின் முடிவு இன்னும் வரவில்லை. தபால்காரரைக் கண்டால் அம்மா முதலில் அவர் முகத்தைத்தான் பார்ப்பா, பிறகுதான் கையைப் பார்ப்பா.

எங்கள் பக்கத்து அறையில் ஒரு போர்த்துக்கல் நாட்டுக் குடும்பம். அவர் குசினியில் பெரிய சட்டிகள் தேய்ப்பவர். அவ அறைகள் துப்புரவாக்குபவ. நாங்கள் மாமா, மாமி என்றுதான் கூப்பிடுவோம். அவர்களுக்கு அது என்னவென்று விளங்காவிட்டாலும் ஓடிவருவார்கள்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மனிதரை இங்கே ஆப்வார்ட் என்பார்கள். எங்கள் ஆப்வார்ட் நெடுத்த மனிதர். நரைத்த மீசை, இடுப்பில் வளையத்தில் கோத்த ஒரு கொத்துத் திறப்பு. நடந்தால் கோயில் மாடு வருவதுபோலச் சத்தம் கேட்கும். சப்பாத்தோடு மாடிக்கு ஏறக்கூடாது, தோய்க்கிற மெசினை முறை தவறித் தொடக்கூடாது, மீன் பொரிக்கவே கூடாது. சித்தப்பா அவருக்கு விதானையார் என்று பெயர் வைத்தார். ஊரில் விதானையார் என்றால் கிராமத்துக்கே பதிவு வைத்திருப்பவர். இவரும் ஒரு கறுப்புக் கொப்பியோடுதான் திரிவார்.

மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்தால் ஹோட்டல்காரருக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் ஓய்வு. பெரியவர்கள் எல்லாரும் மரம் சாய்ந்த மாதிரிக் கிடப்பார்கள். அந்த நேரத்தில் சத்தம் போட்டால் அடி. நான் பள்ளிக்கூடத்தால் வந்து, அறைகளுக்கு நடுவில் உள்ள நீண்ட நடையில், காசை உருட்டி விளையாடுவேன். மெழுகு பூசிய தரை. ஐந்து றாப்பன் என்கிற சுவிஸ் சில்லறைக் காசு என்ன அழகாக உருளும் தெரியுமா! சத்தமும் இல்லை.

ஒருநாள் அது வளைந்து போய், மாமா மாமியின் கதவுக்குக் கீழே உள்ள நீக்கலுக்குள் புகுந்துவிட்டது. அன்றைக்கு அவர்கள் இரண்டு பேருக்கும் ஓய்வு இல்லை, ஹோட்டலில் ஏதோ கலியாணம். அறை பூட்டிக் கிடந்தது. நான் தரையில் குப்புறப் படுத்து உள்ளே பார்த்தேன். இருட்டு.

அப்போது உள்ளேயிருந்து ஒரு காசு வந்தது.

நான் எறிந்தது மஞ்சள் காசு. வந்தது வெள்ளைக் காசு. அதில் ஒரு கப்பல்.

ஓடவேண்டும்போல் இருந்தது, ஓடவில்லை. என் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து, அதிலிருந்த இலங்கைப் பத்துச் சதத்தைத் தள்ளிவிட்டேன். பூ மாதிரி விளிம்பு நெளிந்த காசு அது. உள்ளே கொஞ்ச நேரம் ஒரு அசைவும் இல்லை. பிறகு இன்னொரு கப்பல் வந்தது.

அதற்குப் பிறகு எனக்குப் பள்ளிக்கூடத்தில் மனம் நிற்கவில்லை. ரீச்சர் ரொமான்ஷ் மொழியில் ஒருமுறை, ஜெர்மனில் ஒருமுறை சொல்லுவா, எனக்கு இரண்டும் ஒன்றுதான். எப்போது மணி அடிக்கும், எப்போது அந்தக் கதவடிக்குப் போவேன் என்று இருந்தேன். எங்களுக்குள் ஒரு சட்டமும் உண்டாகிவிட்டது. கதவில் ஒரு தட்டு என்றால் பிடித்திருக்கிறது. இரண்டு தட்டு என்றால் வேண்டாம், வேறு தா. சட்டைத் தெறி அனுப்பினால் இரண்டு தட்டு. பியர்ப் போத்தல் மூடி அனுப்பினால், ஆச்சரியம், ஒரு தட்டு.

இதை மனதுக்குள் வைத்திருக்க எட்டு வயதில் முடியுமா? சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கட்டிலில் கிடந்தபடியே காசை வாங்கினார்.

"டேய், இதை எங்கையடா எடுத்தனி?"

"கதவுக்குக் கீழால வந்தது, சித்தப்பா."

"எந்தக் கதவு?"

"மாமா மாமியின்ர கதவு."

சித்தப்பா எழுந்து குந்தினார். பிறகு குரலை இறக்கினார்.

"இது ஆற்றை காசு தெரியுமோ? பறங்கிக் கப்பித்தான்ர காசு. முந்தி எங்கட யாழ்ப்பாணத்தைப் பிடிச்சு ஆண்டவங்கள், கோட்டை கட்டினவங்கள். அதில ஒருத்தன் கப்பலோட தாண்டு செத்தவன். செத்தாப்பிறகு கடலைக் கண்டால் பயம். அதுதான் மலைக்கு ஓடியந்திட்டான்."

"பேய்க்குக் குளிராதோ?"

"குளிரும்தானே. அதுதான் ஹைசுங் உள்ள அறையாப் பாத்து இருக்கிறான்." ஹைசுங் என்றால் அறையைச் சூடாக்கும் இரும்பு. அது எல்லா அறையிலும் உண்டு என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

காசில் இரண்டுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் டொலர் அடையாளம் இருந்தது. நாங்கள் புள்ளி வைக்கிற இடத்தில் அவர்கள் அதை வைப்பார்களாம். சித்தப்பா அதைத் தொட்டுக் காட்டினார். "பாத்தியோ, டொலர்! அசல் புதையல். புதையலைப் பற்றி ஆரிட்டையும் மூச்சு விட்டால் அது கரியாப் போகும், ஊரில கேள்விப்பட்டிருப்பாய். பள்ளிக்கூடத்தில சொன்னால் பாதி கரி. விதானையாற்றை காதில விழுந்துதோ, பெட்டியோட கரி."

நான் என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். சித்தப்பா ஏன் அப்படி மினக்கெட்டு ஒரு கதையைக் கட்டினார் என்று நான் யோசிக்கவில்லை. அவர் கதை கட்டுகிற மனிதர், அவ்வளவுதான்.

ஒரு கிழமை கழித்து அந்தக் கப்பித்தானின் விரலைக் கண்டேன். கதவடியில் காசைத் தள்ளிய விரல். என் விரலிலும் சின்னது. நகத்தில் சிவப்பு நிறப் பென்சில் தீட்டியிருந்தது. கோட்டை கட்டின கை இதுவா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் இரண்டு தட்டுத் தட்டினேன். உள்ளே திறப்புத் திரும்பியது. கதவு ஒரு சாண் திறந்தது.

ஒரு பெட்டை. ஏழு வயது இருக்கும். கறுத்த தலைமயிர், பெரிய கண். ஒரு காலில் சிவப்புக் காலுறை, மற்றக் கால் வெறும் கால். அந்த மற்றக் காலுறை கையில் இருந்தது, அதுக்குள்ளேதான் காசு. அவள் உதட்டில் விரலை வைத்துச் சிரித்தாள்.

அன்று பின்னேரம் மாமி எங்கள் அறைக்கு வந்து அழுதா. அம்மாவுக்குப் போர்த்துக்கீசம் தெரியாது, மாமிக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் கதைத்தார்கள். எல்லாம் விளங்கியதுபோல்தான் இருந்தது. அம்மாவும் அழுதா.

பிள்ளைகளே, அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. ஹோட்டல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் பருவகாலத்துக்கு மட்டும் வருகிறவர்கள் ஒன்பது மாதம் இருக்கலாம், பிறகு ஊருக்குப் போகவேண்டும். பிள்ளைகளைக் கூட்டி வரக்கூடாது. கூட்டி வந்தவர்கள் அறைக்குள் ஒளித்து வைத்தார்கள். பள்ளிக்கூடம் இல்லை, யன்னலடிக்குப் போகக்கூடாது, சத்தமாகச் சிரிக்கக்கூடாது. பிடிபட்டால் தாய் தகப்பனுக்கு வேலையும் போகும், அனுமதியும் போகும். மூன்று பேரும் அடுத்த ரயில்.

எனக்கு அம்மா இதைச் சுருக்கமாகச் சொன்னா. "அந்தப் பிள்ளையை விதானையார் கண்டால் ரயிலேத்திப் போடுவினம். வாயைத் திறந்தியோ, உன்ர வாயில கொள்ளிக்கட்டை வைப்பன்."

எனக்கு அது ஒளித்துப் பிடித்து விளையாட்டு மாதிரித்தான் இருந்தது. தோற்றால் ரயில். ஆனால் அவள் ரயிலில் போனால் யார் எனக்குக் கதவடியால் காசு அனுப்புவது? அதனால் இந்த விளையாட்டில் தோற்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

அவள் பெயர் லூர்தஸ். அம்மா லூர்து என்றா. ஓய்வு நேரங்களில் அவள் பூனைபோல எங்கள் அறைக்கு வருவாள். நானும் அவளும் தங்கச்சியும் கட்டிலுக்குக் கீழே கடை போடுவோம். ஒரு கப்பல் காசுக்கு இரண்டு பூக்காசு, மூன்று போத்தல் மூடிக்கு ஒரு கப்பல். போர்த்துக்கல் காசும் இலங்கைக் காசும் ஒன்றையொன்று மதித்த ஒரே கடை உலகத்தில் அதுவாகத்தான் இருக்கும். சிரிப்பு வந்தால் தலையணையைக் கடிக்கவேண்டும் என்பது சட்டம். தங்கச்சியின் தலையணை ஒரு மாதத்தில் கிழிந்தது.

சித்திரை வந்தது. அந்த வருடம் உயிர்த்த ஞாயிறு பிந்தி வந்ததால் ஹோட்டல் இன்னும் பூட்டவில்லை. வெளியே பனி. எங்களுக்கோ வருடப்பிறப்பு.

வருடப்பிறப்பன்று நல்ல நேரம் பார்த்து வீட்டில் மூத்தவர் எல்லாருக்கும் காசு கொடுப்பார், அதுதான் கைவிசேடம். உங்களுக்கும் தருகிறேன்தானே. அந்த நேரத்தில் கையில் விழுகிற காசு முதற்காசு. அதைச் செலவழிக்காமல் வைத்திருக்கவேண்டும். பெரியப்பா ஊரிலிருந்து நேரம் எழுதி அனுப்பியிருந்தார். காலை ஒன்பது முப்பத்தாறு தொடக்கம் பத்து ஆறு மட்டும். கடிதம் வந்த நாளே வீட்டில் சண்டை தொடங்கிவிட்டது.

"அண்ணை, அது ஊர் நேரமெல்லோ? இஞ்ச அப்ப விடிய ஆறு மணி," என்றார் சித்தப்பா.

"ஆறு மணிக்கு நான் ஹோட்டல்ல இருநூறு முட்டை அவிச்சுக்கொண்டு நிப்பன். முட்டைக்கே கைவிசேடம் குடுக்கிறது?" என்றார் அப்பா. "இஞ்சத்தைய மணிக்கூட்டில ஒன்பது முப்பத்தாறெண்டால் எனக்கு இடைவேளை."

"உங்கட இடைவேளைக்குச் சூரியன் காத்துக்கொண்டு நிக்குமோ?"

"ரெண்டு பேரும் வாயைப் பொத்துங்கோ," என்றா அம்மா. "ஆறு மணிக்கு விளக்கைக் கொழுத்துறன். ஒன்பது முப்பத்தாறுக்குக் காசைக் குடுப்பம். கடவுளுக்கு ரெண்டு மணிக்கூடும் பாக்கத் தெரியும்."

பள்ளிக்கூடம் விடுமுறை. அம்மா பின்னேர வேலைக்கு மாறியிருந்தா. மின் அடுப்பில் பொங்கல். சாமிப் படத்துக்குப் பிளாஸ்ரிக் மாலை. அப்பா ஹோட்டல் கணக்காளரிடம் கேட்டு, பளபளவென்று ஐந்து புது இருபது றாப்பன் காசு வாங்கி வைத்திருந்தார். ஒன்று சாமிக்கு. மற்றது அம்மா, சித்தப்பா, நான், தங்கச்சி.

ஒன்பது இருபதுக்கு அப்பாவும் சித்தப்பாவும் குசினி உடுப்போடு ஓடிவந்தார்கள். சித்தப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். கீழே திறப்புக் கொத்தின் சத்தம்.

"வினை வந்திட்டுது," என்றார். "விதானையார் கொப்பியோட ஏறுறார். பருவம் முடியுதெண்டு ஒவ்வொரு அறையாத் திறந்து, மெத்தை, கதிரை, ஹைசுங் எல்லாம் பதியுறாராம். முதலாம் மாடி முடிஞ்சுது."

மாமாவும் மாமியும் ஹோட்டலில். பக்கத்து அறையில் லூர்து தனியே. விதானையாரிடம் எல்லா அறைக்கும் திறப்பு உண்டு.

என் அம்மா மெதுவான மனுசி. ஒரு சட்டை மடிக்க ஐந்து நிமிடம் எடுப்பா. அன்றைக்கு நான் கண்ட அம்மா வேறு ஆள். பக்கத்துக் கதவில் ஒரு தட்டு. லூர்துவை இழுத்து வந்தா. தங்கச்சிக்கு வளர்த்தியாகத் தைத்து வைத்த பச்சைப் பட்டுப் பாவாடை, இரண்டு வருடத்துக்குப் பிறகு போடவேண்டியது, அது லூர்துவுக்கு அளவெடுத்தது போல் இருந்தது. தலையில் எண்ணெய், இரட்டைப் பின்னல், நெற்றியில் திருநீறு, நடுவில் பெரிய பொட்டு. தங்கச்சிக்குப் பக்கத்தில் நிறுத்தினா. நான் அசந்துபோனேன். எனக்கு ஒரு அக்கா இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பா.

சித்தப்பா பக்கத்து அறைக்குள் ஓடி, துணிப் பொம்மை, சின்னச் சப்பாத்து, படம் கீறின தாள், காசு இருந்த சிவப்புக் காலுறை எல்லாவற்றையும் குசினிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்தார். வயிறு எட்டு மாதம் போல் இருந்தது.

"நீ எத்தினை மாதம்?" என்று அப்பா கேட்டார். அந்த நேரத்திலும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒன்பது முப்பத்தாறு. அப்பா தட்டை எடுத்தார். அதே நிமிடம் கதவில் தட்டு.

"நேரம் போகுது, நிப்பாட்டாதையுங்கோ," என்றா அம்மா. கதவைத் திறந்துவிட்டு, விதானையாரைப் பார்த்துக் கையால் "நில்லுங்கள்" என்று காட்டினா. வீட்டுக்கே சட்டம் போடுகிற மனிதர், கொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி வாசலில் நின்றார்.

அப்பா அம்மாவுக்குக் கொடுத்தார். சித்தப்பாவுக்குக் கொடுத்தார். சித்தப்பா வயிற்றைப் பிடித்தபடி வாங்கினார். எனக்குத் தந்தார். தங்கச்சி வாங்கி, அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அடுத்து லூர்து கையை நீட்டினாள்.

தட்டில் காசு இல்லை.

அப்பா தட்டைப் பார்த்தார். சாமிக்கு வைத்ததை எடுக்கக்கூடாது. குசினிக் காற்சட்டைப் பையில் காசு இராது. மூன்று பிள்ளை நிற்கிற இடத்தில் ஒரு பிள்ளைக்கு மட்டும் இல்லை என்றால், எந்தத் தகப்பன் அப்படிச் செய்வான்? விதானையார் பார்த்துக்கொண்டே நின்றார். லூர்துவின் கை நீட்டியபடியே இருந்தது. அந்தச் சிவப்பு நகம்.

என் தகரப் பெட்டிக்குள் இரண்டு கப்பல் காசு இருந்தன. எடுத்தால் விதானையார் காண்பார். விதானையார் கண்டால் பெட்டியோடு கரி. என் சொத்து முழுக்க அதுதான். ஆனால் லூர்துவை ரயில் ஏற்றினால் எனக்குப் பெட்டி எதற்கு? கட்டிலுக்குக் கீழே பாய்ந்து, இரண்டையும் அள்ளி, தட்டில் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தேன். கரியாகவில்லை.

அப்பா ஒரு கப்பலை லூர்துவின் கையில் வைத்தார். அது தன்னுடைய காசு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். தங்கச்சியைப் பார்த்தபடி குனிந்து அப்பாவின் காலைத் தொட்டாள். நல்ல பிள்ளை, எல்லாம் சரியாகச் செய்தாள். ஆனால் நிமிர்ந்தவள், பழக்க தோசத்தில், நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று அழகாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

சித்தப்பாவுக்கு ஒரு இருமல் வந்தது பாருங்கள், வீடே அதிர்ந்தது.

"வாசல்ல நிக்கிற மனுசனுக்கும் குடுங்கோ," என்றா அம்மா. "நல்ல நேரத்தில வந்த ஆளை வெறுங்கையோட விடக்கூடாது."

அப்பா தட்டில் மிஞ்சியதை எடுத்து விதானையாரின் உள்ளங்கையில் வைத்தார். வைத்த பிறகுதான் அப்பாவுக்கு அது என்ன காசு என்று உறைத்தது. அவர் முகம் கோதுமை மா மாதிரி வெளுத்தது. மற்றக் கப்பல் காசு!

விதானையார் கொப்பியைக் கக்கத்தில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டார். காசை விரல்களுக்கு நடுவில் பிடித்து, வெளிச்சத்தில், மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஸ்ரீலங்கா!" என்றார் சித்தப்பா சத்தமாக. "ஸ்ரீலங்கா காசு! எங்கட நாடு! கப்பல், நிறையக் கப்பல்!" அவருடைய ஜெர்மன் அவ்வளவுதான்.

விதானையார் காசிலிருந்து கண்ணை எடுத்து லூர்துவைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். சித்தப்பாவின் வயிற்றைப் பார்த்தார்.

"அழகான கப்பல்," என்றார்.

காசை மேல்சட்டைப் பைக்குள் போட்டு, பையை ஒருமுறை தட்டினார். கொப்பியைத் திறந்தார். எத்தனை பிள்ளை என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தோம். அவர் கேட்கவில்லை. தானே ஏதோ எழுதி, "எல்லாம் சரி," என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார். திறக்கிற சத்தம். ஹைசுங்கைத் தட்டிப் பார்க்கிற சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பூட்டுகிற சத்தம், படியிறங்குகிற சத்தம்.

லூர்துவின் திறப்போடு பொம்மையைக் கொண்டுபோய் வைக்கப் போன சித்தப்பா, அசட்டுச் சிரிப்போடு திரும்பி வந்தார். கையில் ஒரு சிவப்புக் காலுறை. சோடியில் மற்றது. ஹைசுங்கின் மேல் காயப்போட்டபடி கிடந்ததாம், சின்னஞ்சிறு காலுறை, கண்ணுக்கு நேரே!

"விதானையாருக்குக் கண் தெரியேல்லை," என்றார் சித்தப்பா.

"சத்தியமாத் தெரியேல்லை," என்றேன் நான்.

எங்களுக்கு வந்த சிரிப்பை என்ன சொல்ல! தலையணை போதவில்லை. அப்பா கதவில் சாய்ந்து சிரித்தார், அம்மா பொங்கல் அகப்பையோடு சிரித்தா, லூர்து பாவாடையைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடினாள். வேலை முடிந்து வந்த மாமிக்கு நடந்ததைச் சித்தப்பா நடித்துக் காட்டினார். வயிற்றுக்குத் தலையணை வைத்து, இருமலோடு. மாமி அழுதுகொண்டே சிரித்தா. மாமா அம்மாவின் பொங்கலை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

இது முடிய ஒரு கிழமை இல்லை, உயிர்த்த ஞாயிறு வந்தது. காலையில் கதவைத் திறந்தால் எங்கள் கைப்பிடியில் இரண்டு சொக்லேட் முயல் கட்டித் தொங்கியது. ஒன்றுக்கு நீல நாடா, ஒன்றுக்கு மஞ்சள் நாடா. வீட்டில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் விதானையார் கட்டுகிறவராம். திரும்பிப் பார்க்கிறேன், மாமா மாமியின் கைப்பிடியிலும் ஒன்று. சிவப்பு நாடா.

எனக்குத் திக்கென்றது. பிள்ளை இல்லை என்று பதிந்திருக்கிற அறையில் முயல் தொங்கினால் யாரும் கண்டு கேட்கமாட்டார்களா? மனிதர் கதவை மாற்றிக் கட்டிவிட்டார். இதை நான்தான் சரிசெய்யவேண்டும். கெட்டித்தனமாக ஒரு பொய்யும் தயார் பண்ணினேன். அந்த முயலை அவிழ்த்துக்கொண்டு கீழே போய் விதானையாரின் கதவைத் தட்டினேன்.

"இது பிழையாகக் கட்டியிருக்கிறீர்கள்," என்றேன், எனக்குத் தெரிந்த ஜெர்மனில். "அந்த அறையில் பிள்ளை இல்லை. ஒரு பிள்ளையும் இல்லை. ஒருநாளும் இல்லை."

விதானையார் முயலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். மீசை கொஞ்சம் அசைந்தது.

"அப்படியா? எனக்குக் கணக்குக் கொஞ்சம் மட்டு," என்றார். "கட்டினது கட்டினதாகவே இருக்கட்டும். கொண்டுபோய் அங்கேயே மாட்டு. யாராவது சாப்பிடுவார்கள்."

நான் இரண்டு இரண்டு படியாகத் தாண்டி மேலே ஓடினேன். "சித்தப்பா, விதானையாருக்குக் கணக்கும் தெரியாதாம்! அவரே சொன்னவர்!" கண் தெரியாது, கணக்குத் தெரியாது. இப்படிப்பட்ட ஆளுக்குப் போய் இவ்வளவு நாளும் பயந்தோமே என்று எனக்கு ஒரே பெருமை. லூர்து முயலின் காதைக் கடித்து, மற்றக் காதை எனக்குத் தந்தாள்.

பருவம் முடிந்து அவர்கள் போகும்போது நான் பள்ளிக்கூடத்தில். மத்தியானம் வந்தால் பக்கத்து அறை திறந்து கிடந்தது, மெத்தை நிமிர்த்தி வைத்திருந்தது. எங்கள் அறைக்குள் கால் வைத்தேன், ஏதோ மிதிபட்டது. கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டிருந்த ஒரு கப்பல் காசு. அப்பா கைவிசேடமாகக் கொடுத்தது. நான் தரையில் ஒரு தட்டுத் தட்டினேன். பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு எங்களுக்கு அனுமதி கிடைத்தது, ஷாஃப்ஹவுசனுக்கு வந்தோம், நான் வளர்ந்தேன், நீங்கள் பிறந்தீர்கள். இந்தக் கதையை எத்தனை வீட்டில், எத்தனை விருந்தில் சொல்லியிருப்பேன்! விதானையாரை நாங்கள் ஏமாற்றிய கதை என்றுதான் சொல்லுவேன். சித்தப்பா பக்கத்தில் இருந்தால் இருமிக் காட்டுவார்.

போன மாதம் உங்களில் சின்னவளுக்கு இதைச் சொன்னேன். அவள் இப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகுகிறாள். கையில் கிடைத்ததெல்லாம் வாசிப்பாள், பால் பெட்டியைக்கூட விடமாட்டாள். காசை வாங்கி, விளக்கின் கீழே பிடித்து, மெதுவாகச் சுற்றிச் சுற்றி, விளிம்போடு இருந்த எழுத்தைக் கூட்டினாள்.

"ரெ… பு… ப்ளி… கா. போர்… த்து… கே… சா." நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, இதில போர்த்துக்கல் எண்டு எழுதியெல்லோ கிடக்கு. அந்த ஐயாவுக்கு வாசிக்கவும் தெரியாதோ?"

நான் காசை வாங்கிப் பார்த்தேன். ஓம், எழுதித்தான் இருக்கிறது. இத்தனை வருடமாக என்னிடம் இருக்கிற காசு. நான் கப்பலை மட்டும்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

சிவப்புக் காலுறை, சிவப்பு நாடா.

விதானையார் அன்றைக்குக் கண்ணாடியைப் போட்டார், காசை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார் என்று மேலே எழுதினேன் அல்லவா? எட்டு வயதில் அதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். கப்பலைப் பார்ப்பதற்குக் காசைச் சுற்றத் தேவையில்லை.